குரங்கும் மின்தடையும் சில கேள்விகளும்

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் 11 மணி கடந்து சில நிமிடங்களில் இலங்கைத் தீவு முழுவதிலும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்மாற்றியுடன் தொடுகையுற்றதே காரணம் என்று எரிசக்தி அமைச்சர் தெரிவித்தார். அன்று மாலைக்குள் அந்தக் குரங்கு உலகப் பிரசித்தி பெற்றுவிட்டது. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் அதனைத் தலைப்பாக்கின. சமூக வலைத்தளங்களில் கேலிச்சித்திரங்கள் குவிந்தன. இரண்டு கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் நாடொன்றை ஒரு குரங்கினால் இருளில் ஆழ்த்த முடியுமா என்று கேட்டுச் சிரித்தவர்களே அதிகம். அந்தக் கேள்விக்கான பதிலைத் தேடியவர்கள் மிகச் சிலரே.

அன்றைய தினம் எனக்கு வேறொரு கேள்வியும் கிடைத்தது. கொழும்பில் எமது ஒழுங்கையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல இலட்சம் ரூபா செலவிட்டுத் தமது வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடுகளைப் பொருத்தியிருந்தார். உச்சி வெய்யிலில் வியர்த்து விறுவிறுத்தபடி படலைக்கு வந்தவர், "தம்பி, நீர் பேப்பர்காரன்தானே, இதைச் சொல்லும். வெய்யில் கொளுத்துது, சோலார் கூரையிலை கிடக்குது. பிறகேன் என்ரை வீட்டிலையும் கரண்ட் இல்லை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனை விற்றவர்கள் மாதாந்தக் கட்டணம் எவ்வளவு குறையும் என்பதைக் கணக்குப்போட்டுக் காட்டியிருந்தார்கள். நாட்டில் மின்சாரம் நின்றால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான் என்பது எனது எண்ணம். நாம் நாளாந்தம் நம்பி வாழும் தொழில்நுட்பத்தைப் பற்றி நாம் எவ்வளவு தெரிந்துவைத்திருக்க வேண்டும்?

எல்லாவற்றையும் தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் கூறிவிட முடியாது. ஒரு கைத்தொலைபேசியினுள் இருக்கும் அத்தனையையும் முழுமையாக அறிந்த தனிமனிதர் உலகில் எங்கும் இருக்க வாய்ப்பில்லை. அதேவேளை, எதுவுமே தெரியத் தேவையில்லை, பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நிலைப்பாடும் ஆபத்தானது. இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே கோடு போடுவது என்பதுதான் சிக்கல்.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நமக்குத் தெரியாது என்பதே நமக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியோனிட் ரோசன்பிளிட், பிராங்க் கீல் ஆகிய இருவரும் 2002 இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை அழகாக எடுத்துக்காட்டியது. 'சிப்', மலசலகூடத்தின் நீர்த்தாங்கி போன்ற சாதாரணப் பொருட்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது தமக்கு எவ்வளவு தெரியும் என்று மக்களை முதலில் மதிப்பிடச் சொன்னார்கள். பின்னர் அதனைப் படிப்படியாக விளக்குமாறு கேட்டார்கள். விளக்கத் தொடங்கியதும் பலர் தமது மதிப்பீட்டைத் தாமே குறைத்துக்கொண்டார்கள். 2006 இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் றெபேக்கா லோசன் சைக்கிளைப் படமாக வரையுமாறு கேட்டபோது, வாழ்நாள் முழுவதும் சைக்கிளைக் கண்டவர்களில் பலர் சங்கிலி எங்கே போகின்றது, சட்டகம் எங்கே பொருந்துகின்றது என்பதைக்கூடத் தவறாக வரைந்தார்கள்.

சைக்கிள் பற்றிய அந்த ஆய்வை வாசித்தபோது எனக்குத் தொண்ணூறுகளின் யாழ்ப்பாணம் நினைவுக்கு வந்தது. அங்கே அந்த நாட்களில் சைக்கிளைத் தவறாக வரையக்கூடியவர் எவராவது இருந்திருப்பாரா என்பது சந்தேகமே. 1990 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் யுத்தம் மீண்டும் மூண்டதோடு குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றுபோனது. பொருளாதாரத் தடையினால் பெற்றோல், பற்றரி போன்றவை தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெய் பொன்னுக்கு நிகரானது. நான் அப்போது பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். பௌதிகவியலுக்கும் எனக்கும் எவ்வித கொடுக்கல் வாங்கலும் இருக்கவில்லை. ஆனாலும் உலகச் செய்தி அறியவேண்டும் என்றால் வானொலி கேட்கவேண்டும். வானொலி கேட்கவேண்டும் என்றால் மின்சாரம் வேண்டும்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையினால் மிதியைச் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசை கேட்ட தலைமுறை எங்களுடையது. ஆனால் டைனமோவின் வயரை நேரே வானொலிக்குக் கொடுத்துவிட முடியாது. டைனமோவில் இருந்து வருவது திசைமாறிக்கொண்டிருக்கும் ஆடலோட்டம். வானொலிக்குத் தேவையானது ஒரே திசையில் பாயும் நேரோட்டம். இடையில் நான்கு டயோட்டுகளை வைத்து அதனை மாற்றவேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் எந்தப் பேராசிரியரும் அல்லர், சந்தியில் இருந்த சைக்கிள் கடைக்காரர். அவர் பயன்படுத்திய டயோட்டுகள் பழுதாகிப்போன வானொலிகளில் இருந்து கழற்றப்பட்டவை. மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோல் கொண்டுதிரிந்தார்கள். அதில் சில துளிகளை விட்டு இயந்திரத்தை இயக்கி, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடுவார்கள். வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. அக்காலத்துப் பத்திரிகைகள் பாடசாலை அப்பியாசக் கொப்பித் தாளிலும் அச்சாகி வெளிவந்தன.

இதை எழுதும்போது பெருமிதம் ஏற்படுவது இயல்பே. ஆயினும் அந்தக் காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்க நான் விரும்பவில்லை. அந்த அறிவு நாங்கள் விரும்பிப் பெற்றதல்ல, வேறு வழியின்றிப் பெற்றது. மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரங்கள் புகையைக் கக்கிச் சீரழிந்தன. போத்தல் விளக்குச் சரிந்து எரிகாயமடைந்த பிள்ளைகளையும் கண்டிருக்கின்றேன். ஒரு சமூகம் முழுவதும் மின்னியலாளராகவும் இயந்திரவியலாளராகவும் மாறவேண்டி வருமானால், அந்தச் சமூகத்திற்குப் பெருந்தீங்கு நேர்ந்திருக்கின்றது என்பதே பொருள். நிம்மதியான நாட்டில் மின்குமிழ் எப்படி எரிகின்றது என்று தெரியாமல் வாழ்வதும் ஒரு பாக்கியந்தான். அதை யாரிடமிருந்தும் பறிக்கவேண்டிய அவசியமில்லை.

ஆனால் அந்த டைனமோவை எத்தனை தடவை சுற்றியிருப்பேன் என்று கணக்கில்லை. அதிலிருந்து ஒரு விடயம் மனதில் பதிந்துவிட்டது. கை ஓய்ந்து மிதியைச் சுற்றுவதை நிறுத்தினாலும் வானொலி அக்கணமே அடங்குவதில்லை. சில்லு தன் வேகத்தில் இன்னும் சில தடவை சுழலும். அந்தச் சில வினாடிகளில் குரல் மெல்லத் தேய்ந்துகொண்டு போகும். அதற்குள் மற்றவர் ஓடிவந்து மிதியைப் பிடித்துக்கொண்டால் செய்தி தொடரும். இதனைத்தான் விஞ்ஞான பாடத்தில் சடத்துவம் என்கிறார்கள்.

பெப்ரவரி 9 இல் நடந்ததை விளங்கிக்கொள்ள எனக்கு இந்தச் சில்லே உதவியது. நீர்மின் நிலையங்களிலும் அனல்மின் நிலையங்களிலும் பல தொன் எடையுள்ள சுழலிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வலையமைப்பில் எங்காவது திடீர்க் கோளாறு ஏற்பட்டால், அந்தப் பாரிய சில்லுகளின் சுழற்சி வேகம் உடனே விழுந்துவிடாது. மற்ற நிலையங்கள் சுதாரித்துக்கொள்ளச் சில வினாடி அவகாசம் கிடைக்கும். சூரிய மின்தகட்டில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. எனவே சாதாரணமாக அது அந்த அவகாசத்தைத் தருவதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை. தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்ததனால் மின்சாரத் தேவை குறைவு. வெய்யிலோ அதிகம். அந்த நேரத்தில் நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு சூரிய சக்தியில் இருந்து வந்துகொண்டிருந்தது. சுற்றிக்கொண்டிருந்த சில்லுகள் போதாத வேளையில் பாணந்துறையில் கோளாறு ஏற்பட்டது. தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் முழு அமைப்பும் சரிந்தது. நுரைச்சோலையில் உள்ள 900 மெகாவாற் அனல்மின் நிலையமும் இயக்கத்தை இழந்தது. அதனை மீண்டும் முழுமையாக இயக்க நாட்கள் எடுத்தமையினால் அடுத்தடுத்த தினங்களில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு அமுலானது.

ஆக, குரங்கு பொய்யல்ல. ஆனால் அது தீக்குச்சி மாத்திரமே. காய்ந்த வைக்கோல் எங்கே இருந்தது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. அதே ஆண்டு ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில், கூரைகளில் உள்ள சூரிய மின்தகடுகளைப் பகல் வேளையில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை உரிமையாளர்களிடம் கோரியது. சுத்தமான சக்தியை ஊக்குவிக்கும் நாட்டில் இது என்ன வேடிக்கை என்று கேட்டவர்கள் பலர். சில்லின் கதை தெரிந்தவர்களுக்கு அது வேடிக்கையாகத் தோன்றியிருக்காது. மாறாக, பாரிய பற்றரிச் சேமிப்பு நிலையங்களை உரிய காலத்தில் ஏன் அமைக்கவில்லை, வலையமைப்பை ஏன் வலுப்படுத்தவில்லை என்ற சரியான கேள்வியை அவர்கள் உரிய இடத்தில் கேட்டிருப்பார்கள். குரங்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும் மக்களிடம் எந்த ஆட்சியாளரும் பதில் சொல்லவேண்டிய அவசியமில்லை.

எமது ஒழுங்கை ஆசிரியரின் கேள்விக்கு மின்பொறியியலாளரான நண்பர் ஒருவர் மறுநாள் விளக்கம் தந்தார். வலையமைப்போடு இணைக்கப்பட்ட சூரிய மின்தொகுதி, வலையமைப்பில் மின்சாரம் இல்லையென்று கண்டவுடன் தானாகவே நின்றுவிடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றது. அவ்வாறு நிற்காவிட்டால் வீட்டுக் கூரைகளில் இருந்து மின்சாரம் கம்பிகளுக்குள் பாயும். மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தில் ஏறித் திருத்தவேலை செய்யும் ஊழியரின் உயிருக்கு அது உலை வைக்கும். தனியான பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் இருந்தால் மாத்திரமே நாடு இருளும்போது வீடு ஒளிரும். நான் இதனைச் சொன்னபோது ஆசிரியர் சற்றுநேரம் மௌனமாக இருந்தார். பின்னர், "நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாங்கமுந்திச் சொல்லியிருக்கலாமே" என்றார்.

அந்த ஒரு வசனத்தில் எனது கேள்விக்கான பதில் இருக்கின்றது. மின்தகட்டினுள் சிலிக்கனில் என்ன நிகழ்கின்றது என்று அவருக்குத் தெரியவேண்டியதில்லை. அது எப்போது வேலைசெய்யாது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு பொருள் எப்படி இயங்குகின்றது என்ற அறிவு அதனைச் செய்பவருக்கும் திருத்துபவருக்கும் உரியது. அது எப்படிப் பிழைக்கும், பிழைத்தால் என்ன ஆகும், அவ்வேளையில் நான் என்ன செய்யவேண்டும் என்ற அறிவு பாவனையாளர் ஒவ்வொருவருக்கும் உரியது. நான் கோடு போட விரும்புவது இந்த இடத்தில்தான்.

இந்தக் கோட்டுக்கு அப்பால் நின்றதன் விலை எவ்வளவு என்பதை 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இலங்கை கண்டது. சமையலறைகளில் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் வெடிக்கும் சம்பவங்கள் நாடெங்கும் தொடர்ச்சியாகப் பதிவாகின. உயிர்களும் பறிபோயின. ஜனாதிபதி குழுவொன்றை நியமித்தார். அதுவரை சிலிண்டரினுள் இருப்பது 'காஸ்' என்று மாத்திரம் அறிந்திருந்த இல்லத்தரசிகள், புரொப்பேன், பியூட்டேன் என்ற பெயர்களைப் பத்திரிகைகளில் வாசிக்கத் தொடங்கினார்கள். இரண்டும் கலந்த விகிதம் மாறியமையே விவாதத்தின் மையமானது. புரொப்பேனின் அமுக்கம் பியூட்டேனைவிடப் பன்மடங்கு அதிகம். அதன் பங்கு கூடினால் குழாய்க்கும் இணைப்புக்கும் வரும் அழுத்தமும் கூடும். சிலிண்டரில் கலவை விகிதம் பொறிக்கப்படவேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை சென்றது.

இங்கேயும் அதே பாகுபாட்டைக் காணலாம். கலவை விகிதத்தைச் சோதிக்கும் ஆய்வுகூடம் எந்தக் குசினியிலும் இல்லை. அது அரசினதும் விற்பவரினதும் பொறுப்பு. ஆனால் சில விடயங்களை அடுப்பின் முன் நிற்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இந்த எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மேர்கப்டன் என்ற கெட்ட நாற்றமுள்ள பொருள் அதில் சேர்க்கப்படுகின்றது. காற்றைவிடப் பாரமானது என்பதனால் கசியும் வாயு மேலே போகாமல் தரையோடு படிந்து நிற்கும். நாற்றம் வந்தால் மின்விளக்கின் ஆளியைத் தொடக்கூடாது, போடவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சிலிண்டரின் வாயை மூடி, கதவு யன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறவேண்டும். சந்தேகமிருந்தால் சவர்க்கார நுரையை இணைப்பில் பூசிப் பார்க்கலாம், குமிழி வந்தால் கசிவு. இவ்வளவுதான். பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அந்தப் பத்து நிமிடம் எத்தனை வீடுகளில் செலவிடப்பட்டிருக்கின்றது?

பத்திரிகைத் தொழிலில் இந்தப் பாடம் புதிதல்ல. செய்தி தரும் ஒருவரின் முழு வாழ்க்கை வரலாறும் செய்தியாளருக்குத் தெரியத் தேவையில்லை. அவர் எந்த இடத்தில் மிகைப்படுத்துவார், எந்த விடயத்தில் மௌனம் காப்பார் என்பது தெரிந்திருக்க வேண்டும். தொழில்நுட்பத்திலும் எங்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. ஈய எழுத்துக் கோத்த காலம் போய்க் கணினி வந்தபோது, இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை உலகில் பாமினி எழுத்துரு கோலோச்சியது. அது உள்ளே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்த ஒரு முகமூடி. எழுத்துரு இருக்கும் கணினியில் அழகான தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 இலேயே தனியிடம் கிடைத்துவிட்டது என்றாலும் அது எங்கள் மேசைகளுக்கு வந்துசேரப் பல வருடங்கள் ஆயின. அந்த இடைக்காலத்தில் எழுதிக் குவிக்கப்பட்ட செய்திகள், நேர்காணல்கள், யுத்தகாலப் பதிவுகள் எவ்வளவோ இறுவட்டுகளில் கிடக்கின்றன. அவற்றைத் தேடுபொறியில் தமிழில் தேடினால் அகப்படாது. தகுந்த மாற்றிகளால் மீட்டுவிடலாம். ஆனால் அது முகமூடி என்பதை அறிந்தவர்கள் இருக்கும்வரைதான் மீட்க முடியும். அறியாத ஒருவர் அந்த இறுவட்டைக் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டுக் குப்பை என்று வீசிவிடுவார். ஒரு சமூகத்தின் ஞாபகம் அப்படியும் தொலையலாம்.

ஒரு மறுப்பும் எழக்கூடும். வயது முதிர்ந்தவர்கள் மீது இந்தச் சுமையையும் ஏற்றுவதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வங்கியில் இருந்து கைத்தொலைபேசிக்கு வரும் ஒருதடவைக் கடவுஎண்ணை யாரோ ஒரு மோசடிக்காரரிடம் சொல்லிச் சேமிப்பை இழந்த முதியவர்களின் செய்திகளைப் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கின்றோம். அவர்களை அறிவிலிகள் என்று ஏசுவது அநியாயம். அந்த எண் என்னவென்று அவர்களுக்கு விளங்கும் மொழியில் யார் சொன்னார்கள்? எவருடனும் பகிரவேண்டாம் என்ற எச்சரிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றது. வடமராட்சியில் தனித்து வாழும் ஒரு தாயாருக்கு அந்தக் குறுஞ்செய்தி பாமினி எழுத்துரு இல்லாத கணினியைப் போலத்தான் தோன்றும். இலங்கையில் தமிழும் அரசகரும மொழி என்பது 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தம் முதல் சட்டத்தில் இருக்கின்றது. அந்தச் சட்டம் பணப்பையைத் திறக்கும் எண்ணுக்கு அருகிலும், எரிவாயுச் சிலிண்டரின் கழுத்திலும், மின்சாதனத்தின் கையேட்டிலும் வந்துசேரவேண்டும். "இந்த எண் உங்கள் பணப்பெட்டியின் திறப்பு, வங்கி ஊழியர் கேட்டாலும் கொடுக்கவேண்டாம்" என்று நல்ல தமிழில் எழுதுவதற்கு ஒரு வரி போதும்.

எனவே விளங்கிக்கொள்வது எங்களது கடமை என்பதோடு, விளக்கம் பெறுவது எங்களது உரிமை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். கேட்காதவருக்கு எவரும் வலிந்து வந்து சொல்வதில்லை என்பதும் உண்மைதான். புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கும் அன்பர்கள் ஊரிலுள்ள பெற்றோருக்குப் புதிய கைத்தொலைபேசியையோ சூரிய மின்தொகுதியையோ வாங்கிக் கொடுக்கும்போது, அது என்னென்ன செய்யும் என்று மகிழ்ச்சியோடு விபரிக்கிறார்கள். அத்தோடு ஒரு கால்மணி நேரம் ஒதுக்கி, அது எப்போது கைவிடும், கைவிட்டால் எந்த ஆளியை நிறுத்துவது, யாரை அழைப்பது, யார் கேட்டாலும் எதைச் சொல்லக்கூடாது என்பதையும் விளக்கிவிடுவார்களேயானால், அந்தப் பொருளைவிடப் பெறுமதியான ஒன்றைக் கொடுத்தவர்களாவார்கள்.

கடையிலோ வங்கியிலோ இனி எதை வாங்கினாலும், எதில் கையொப்பமிட்டாலும், விற்பவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "தம்பி, இது எப்ப வேலைசெய்யாது?" பதில் சொல்லத் தெரிந்தவரிடம் நம்பி வாங்கலாம். சிரித்து மழுப்புபவரிடம் சற்று யோசித்து வாங்குவது நல்லது.